தடை யாரைக் காக்கும்?

சம்மதம் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் குருதித் தண்டுக்கலம் எடுப்பதையே தடைசெய்ய வேண்டுமாம். அண்ணன் தலசீமியாவில் செத்தால் அந்தப் பிள்ளைக்கு இழப்பே இல்லையா? உடன்பிறப்பின் இழையம் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பே நான்கில் ஒன்றுதான். அந்தக் கலங்களுக்காக இடுப்பெலும்பில் எடுத்த மச்சை சில வாரங்களில் மீண்டும் ஊறும், சிறுநீரகம் ஊறாது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது என்ன நியாயம்?

கொடுக்கும் பிள்ளைக்கு மயக்கமருந்தின் ஆபத்தும் வலியும் உண்மைதான், ஆனால் அதற்குக் காவல் உண்டு. அகமதாபாத்தில் 2020இல் அண்ணனுக்குத் தங்கை மச்சை கொடுத்தாள். அதற்குமுன் அவள் எடை கூடும்வரை மருத்துவர்கள் காத்திருந்தார்கள். அமெரிக்கக் குழந்தைமருத்துவக் கழகம் 2010இல் நிபந்தனைகளை வகுத்தது: அதேயளவு பொருந்தும் வளர்ந்த உறவினர் இருந்தால் பிள்ளையைத் தொடாதே, கொடுக்கும் பிள்ளையின் நலம்பார்க்கத் தனியாள் வை. கதிரவெளி போன்ற ஊரில் தலசீமியா மகனை வைத்திருக்கும் ஒரு தாய்க்கும் இந்தக் காவலைக் கேளுங்கள். உங்கள் தடை அவளிடமிருந்து மூத்தவனைத்தான் பறிக்கும்.