'டி கப்' என்பது அளவு அன்று

மார்பகம் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையை விற்போர் 'பி'யிலிருந்து 'டி'க்கு என்று பேசுகின்றனர். இவ்வெழுத்துகள் அலகுகளே அல்ல. உள்ளாடையின் சுற்றளவு மாறினால் அதே எழுத்தின் கொள்ளளவும் மாறும். நிறுவனத்துக்கு நிறுவனமும் வேறுபடும். இம்ப்ளான்ட்டின் கொள்ளளவு சி.சி.யில் குறிக்கப்படுகிறது. அதுவும் பாதிச் செய்திதான். ஒரே 300 சி.சி., தாழ்ந்த புரொஃபைலில் அடி அகன்று தட்டையாகப் பரவும். உயர்ந்த புரொஃபைலில் அடி குறுகி முன்னோக்கி எழும். எனவே முதலில் அளக்க வேண்டியவை அப்பெண்ணின் மார்பக அடியகலம், திசுவின் தடிமன், தோலின் நெகிழ்ச்சி. அடியகலத்தை மீறிய இம்ப்ளான்ட் அக்குள் பக்கம் பிதுங்கும். திசு மெலிந்திருந்தால் விளிம்பும் தெரியும்.

'பெரிது' ஒப்பீட்டுச் சொல். எதனினும் என்று கேளாமல் அதற்குப் பொருளில்லை. (முதலாண்டு இலக்கண வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறோம்.) விளம்பரமோ அக்கேள்வியை விழுங்கிவிட்டு வேறொருத்தியின் நிழற்படத்தை விடையாக வைக்கிறது. மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் பெண் மார்பின் வடிவமும் அமைப்பும் இடம்பெற்றிருப்பதை எவர் நினைவில் கொண்டார்?

இம்ப்ளான்ட் வாழ்நாள் முழுதும் நிலைப்பதன்று என்ற எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிட வேண்டுமென 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கட்டாயமாக்கியது. இங்கே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் பெண்ணுக்கு அவ்வரியை அவள் மொழியில் படித்துக் காட்டுவோர் யார்? அடியகலத்தைச் சென்டிமீட்டரில் எழுதித் தராத மருத்துவர், எழுத்தை மட்டும் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்?