ரசிகர்களுக்குக் கலைக்கூடம் திறக்கட்டும்

ஆசிரியருக்கு,

உலகக் கோப்பைக் கால்பந்து ரசிகர்களைக் கலை அருங்காட்சியகங்கள் வரவேற்பது பற்றிய தங்கள் கட்டுரையை முழுமனதோடு ஏற்கிறேன். 2026 போட்டியின் 104 ஆட்டங்களில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்குக் கிடைத்தவை 6 மட்டுமே. வெளியூர் ரசிகருக்கு அங்கே ஆட்டமில்லாத நாட்களே அதிகம். அந்நகரின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் பொது நுழைவு இலவசம். ஆரவாரக் கூட்டத்துக்கு ஓவியம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆனால் அங்குள்ள புல்வெளியில் சிற்பிகள் ஓல்டன்பர்க்கும் வான் புருகனும் படைத்த நான்கு ராட்சத இறகுப்பந்துகள் 1994 முதல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 அடி உயரம். விளையாட்டுப் பொருளே சிற்பமான இடத்தில் விளையாட்டு ரசிகரை அந்நியராக நினைப்பது நியாயமல்ல. நெரிசலில் படைப்புகள் சேதமாகும் என்ற அச்சம் மெய்யானது. அதற்கு, உள்ளே விடும் எண்ணிக்கையை வரையறுத்தால் போதும். அர்ஜென்டினாவும் அல்ஜீரியாவும் மோதும் நகரம் கான்சாஸ் சிட்டி. ஆகவே ஸ்பானிய, அரபு மொழிகளில் வழிகாட்டிக் குறிப்புகள் தந்து, ஆட்டமில்லாத நாட்களில் இரவிலும் திறந்து வைக்கலாம்.