எல்காட் மேலாண்மை இயக்குநருக்கு: பரண் மேல் கிடக்கும் அரசு லேப்டாப்புகள்



சைதாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நந்தனத்தில் அண்ணா சாலை 692-ல் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு நடந்தே வந்து மனு கொடுத்துவிடலாம். ஆனால் இது என் ஒருவன் வீட்டுக் குறையல்ல. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியே வந்த லேப்டாப்புகள் எங்கள் தெருவில் இன்னும் உயிரோடிருக்கின்றன. அக்கா பிளஸ் டூவில் வாங்கியது, தம்பி பாலிடெக்னிக் முடிக்கும்வரை உழைத்துவிட்டு இப்போது பரண் மேல். கேட்டால் ஒரே பதில்தான்: "ஆன் பண்ணிட்டுக் குளிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதான் சார் இருக்கு." பழைய பேப்பர்காரருக்குப் போடவும் மனசு வரவில்லை, பயன்படுத்தவும் முடியவில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். அந்தக் காலத்து லேப்டாப் எதுவும் இந்த வாசலைத் தாண்டாது. மிச்சமிருக்கும் பத்திரமான வழி லினக்ஸ்தான்.

ஆனால் லினக்ஸ் போட்டாலே பழைய மெஷின் பறக்கும் என்பவர்களை நம்பாதீர்கள். 2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் கிநோம் போன்ற கனமான திரைச்சூழலைப் போட்டால், ஒரு வேலையும் தொடங்காத நிலையிலேயே பாதி நினைவகம் தீர்ந்துவிடும். அப்படிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலர் லினக்ஸையே திட்டுகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்த ஒரு மெஷினில் லினக்ஸ் டெர்மினலைத் திறந்து டாப் கட்டளையை ஓட்டினோம். மேல் வரிகளில் டபிள்யூஏ என்று ஓர் எண் வரும். பிராசசர் வேலை செய்யாமல், டிஸ்க் எப்போது பதில் தரும் என்று காத்துக்கிடக்கும் நேரத்தின் சதவீதம் அது. பிரவுசரைத் திறந்ததும் அந்த எண் எகிறியது. டிஸ்க் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. ஆக, பழி பிராசசர் மேல் இல்லை. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் தகவலை நொடிக்கு நூறு தடவைகூட எடுத்துத் தராது. ரேம் நிறைந்ததும் மிச்சத்தை ஸ்வாப் என்று அதே டிஸ்கில் கொண்டுபோய்க் கொட்டினால் மெஷின் உறையாமல் என்ன செய்யும்?

அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வைத்தோம். அதே அளவு, அதே கனெக்டர். ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 ரேம் ஒன்று வாங்கி 4 ஜிபி ஆக்கினோம். அதில் டெபியன் லினக்ஸ், எடைகுறைந்த எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலோடு. பிறகு இசட்ராம். ரேமின் ஒரு பகுதியில் தகவலைச் சுருக்கி வைத்துக்கொண்டு, டிஸ்குக்குப் போகும் போக்குவரத்தைக் குறைக்கும் ஏற்பாடு அது; கர்னலிலேயே இருக்கிறது, காசு கிடையாது. தொடக்கத்தில் தானாக ஓடும் புளூடூத், பிரிண்டர் சேவைகளை அந்தப் பெண்ணே பார்த்து நிறுத்தினாள். தமிழ்99 விசைப்பலகையும் லிப்ரே ஆபீஸும் போட்டுக் கொடுத்தாயிற்று. இப்போது அவள் தம்பி அதில் பைத்தான் படிக்கிறான். யூடியூப், வேர்டு கோப்பு, ரெஸ்யூம் எல்லாம் ஓடுகின்றன. இருபது டேப் திறந்தால் திணறும்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இன்னொரு தடங்கலையும் சொல்ல வேண்டும். 32 பிட் விண்டோஸ் இருந்ததைப் பார்த்துவிட்டு, சிப்பும் 32 பிட்தான் என்று முடிவுகட்டி ஒதுக்கிவிடுகிறார்கள். எல்எஸ்சிபியு என்று அடித்தால் உண்மை தெரிந்துவிடும். பல லேப்டாப்புகளில் சிப் 64 பிட்தான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் கணினிக்கான இன்ஸ்டாலர் கிடையாது என்பதால், இந்தச் சோதனை இனி கட்டாயம்.

இதெல்லாம் எல்காட்டுக்குத் தெரியாததல்ல. 2006, 2007 வாக்கில், சி. உமாசங்கர் உங்கள் நாற்காலியில் இருந்தபோது, எல்காட் தன் சொந்த மேசைகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. நாடே திரும்பிப் பார்த்த காரியம். மாணவர் லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்துத் தந்த பாஸ் லினக்ஸும் வெளியூர்ச் சரக்கல்ல. டெபியனை அடிப்படையாக வைத்து, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது. கொடுத்ததோடு சரி, யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் பிள்ளைகள் சொல்லும் குறை. பூட் ஆகும்போது வரும் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததோடு பலருக்கும் அதனுடனான உறவு முடிந்துவிட்டது.

கல்லூரி மாணவருக்கு இப்போது வரும் புதிய லேப்டாப்பில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் அடுத்த டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: ரேமையும் எஸ்எஸ்டியையும் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். போர்டோடு ஒட்டிவைத்த ரேம் என்றால், பத்து வருடம் கழித்து நான் மேலே சொன்ன வைத்தியம் எதுவும் பலிக்காது.

பழசுக்கு நான் கேட்பது பெரிய செலவில்லை. சி-டாக்கோடு சேர்ந்து, 2 ஜிபி, 4 ஜிபி ரேமுக்கென்றே எடைகுறைந்த ஒரு பாஸ் பதிப்பை, இசட்ராமும் தமிழ்99-உம் தயாராக இருக்கும்படி பென்டிரைவில் தாருங்கள். எஸ்எஸ்டியை மொத்தக் கொள்முதல் விலைக்கு மாணவருக்கு விற்க ஏற்பாடு செய்யுங்கள். பாலிடெக்னிக் மாணவர்களை வைத்து மாதம் ஒரு சனிக்கிழமை பழுதுபார்ப்பு முகாம் நடத்துங்கள். முதல் முகாமைச் சைதாப்பேட்டை அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளியிலேயே வைக்கலாம். உங்கள் அலுவலகத்துக்கும் பக்கம். ஸ்க்ரூடிரைவரோடு நானும் வந்து உட்காருகிறேன். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் தேதி அறிவியுங்கள்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டைவாசி ஒருவர்