பட்டாளத்துத் தாத்தா எங்கே போனார்?

'எங்க கொள்ளுத்தாத்தா பட்டாளத்துல இருந்தாராம். பர்மாவோ, பாக்தாத்தோ போனாராம்...' நம்மில் பல வீடுகள்ல இந்தக் கதை இந்த ஒரு வரியோட முடிஞ்சிடும். எந்த வருஷம், எந்த ரெஜிமென்ட், திரும்பி வந்தாரா? கேட்டா, 'அதெல்லாம் யாருக்குடா தெரியும்' என்பார் பாட்டி.

மனசைத் தளரவிடாதீங்க மக்களே! முதல் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர். இரண்டாவதில் 25 லட்சம். எல்லாருமே சர்க்கார் சம்பளம் வாங்கினவங்க. அதனால ஏதோ ஒரு காகிதத்துல பேர் ஏறியிருக்கும். அதை எங்கே தேடறதுங்கிறதுதான் கேள்வி.

உங்க தாத்தா ஊர் ஓமந்தூர்னு வெச்சுக்குவோம். ஆமாம், 1947 முதல் 49 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ஓமந்தூராரின் அதே திண்டிவனம் ஓமந்தூர்தான். தாத்தா போரில் இறந்திருந்தால், முதலில் தட்ட வேண்டிய கதவு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். ஆனா, 'விழுப்புரம் மாவட்டம்'னு தட்டினா ஏமாந்துடுவீங்க. அந்த மாவட்டம் பிறந்ததே 1993-லதான். அதுக்கு முன்னாடி அது தென் ஆற்காடு. 'சவுத் ஆற்காடு'ன்னு தேடுங்க.

அடுத்த தலைவலி, பேர். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். எழுதிக்கிட்ட கிளார்க் காதில் விழுந்ததுதான் ஸ்பெல்லிங். கோவிந்தசாமி நாலு விதமா எழுதப்பட்டிருக்கலாம். அதனால பேரை மட்டும் பிடிச்சுத் தொங்காதீங்க. இரண்டாம் உலகப் போர்ப் பதிவுகள் பலவற்றில் அப்பா பேர், மனைவி பேர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கும். கொள்ளுப்பாட்டி பேர் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி!

சுபேதார் சுப்பிரமணியன் மாதிரி ஆட்கள்னா தேடறது சுலபம். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், மதராஸ் சாப்பர்ஸ் படை. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கப்போன கண்ணிவெடி மேல தானே விழுந்து தன் ஆட்களைக் காப்பாத்தினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கிடைச்சது. ஆனா, சாதாரண சிப்பாயா போய், உயிரோட திரும்பி வந்து, ஏர் பிடிச்ச தாத்தாவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பரண்ல பழைய மெடல் இருந்தா அதன் விளிம்பைப் பாருங்க. முதல் உலகப் போர் மெடல்களில் வீரரின் எண், பதவி, பேர், படைப்பிரிவு எல்லாத்தையும் அங்கேதான் பொறிச்சிருப்பாங்க. புளி போட்டுத் தேய்ச்சு அதை அழிச்சிடாதீங்க, ப்ளீஸ்! அந்த எண்தான் சாவி. லண்டனுக்கு ஓட வேண்டாம். இந்தியச் சிப்பாய்களின் சர்வீஸ் பதிவுகள் பெரும்பாலும் அங்கே போகவே இல்லை, ரெஜிமென்ட்டோடயே இருந்தது. சாப்பர்ஸ்னா பெங்களூரு, மதராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி வெலிங்டன். எண்ணையும் படைப்பிரிவையும் போட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்க.

எதுவுமே கிடைக்கலைன்னா, தாத்தா கதை விட்டார்னு முடிவு கட்டிடாதீங்க. இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் எல்லாருக்கும் பேர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கைதான். முதல் உலகப் போரில் இறந்தவங்கள்ல, பெரும்பாலும் ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களான 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லைன்னு அந்த ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. பேர் இல்லாதது தாத்தாவோட குற்றமில்லை.

அவங்க எழுதாம விட்டதை நாமதான் எழுதணும். அடுத்த முறை ஊருக்குப் போறப்போ டிரங்குப் பெட்டியைத் திறங்க. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புக், பழைய போட்டோ எது இருந்தாலும் செல்போன்ல படம் எடுங்க. போட்டோ பின்பக்கத்தையும் சேர்த்துத்தான்! அப்படியே பாட்டிகிட்ட நாலு பேரைக் கேட்டு எழுதிக்குங்க: தாத்தா, அவரோட அப்பா, அவரோட மனைவி, அவர் பிறந்த ஊர். காகிதம் இன்னும் பத்து வருஷம் தாங்கும். பாட்டியை இந்த லீவுலயே கேட்டுடுங்க.