சீட்டில் உள்ள சிற்றெழுத்துக்கள்



நபிகள் நாயகத்தின் திருப்பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள் ‘ஸல்’ என்று அச்சிடப்பட்டிருப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். மதரஸாவில் ஓதும் சிறுவனும் அதைக் கண்டவுடன் ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்று நிறைவாக மொழிந்துவிடுகின்றான். அவ்வழக்கை அறியாத அண்டை வீட்டாருக்கோ அது பொருள் விளங்காத ஒரு குறி. அறிந்தவருக்குத் திறந்தும் அறியாதவருக்கு மூடியும் இருப்பது சுருக்கெழுத்தின் இயல்பு.

மருத்துவர் எழுதித் தரும் சீட்டும் இத்தகையதே. ‘ஓ.டி.’ என்றால் நாளுக்கு ஒருமுறை, ‘பி.டி.’ என்றால் இருமுறை; ‘டி.டி.எஸ்.’ என்றால் மும்முறை, ‘ஹெச்.எஸ்.’ என்றால் உறங்கப்போகும் வேளையில், ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றால் தேவைப்பட்டால் மட்டும். இவற்றுட் பெரும்பாலானவை இலத்தீன் சொற்றொடர்களின் முதலெழுத்துக்களாகும். நோய்க்குறிப்பில் ‘சி/ஓ’ என்பது நோயாளி கூறும் துன்பத்தையும், ‘கே/சி/ஓ’ என்பது முன்பே அறியப்பட்ட நோயையும் குறிக்கும். ‘என்.ஏ.டி.’ என்று கண்டால் புதியதொரு நோயின் பெயரோ என அஞ்ச வேண்டா. ‘மாறுபாடு எதுவும் தென்படவில்லை’ என்னும் நற்செய்தியே அது!

ஆயினும் இச்சுருக்கங்களில் ஆபத்தும் உண்டு. நாளுக்கு ஒருமுறை என்று நாம் கொள்ளும் அதே ‘ஓ.டி.’, கண் மருத்துவரின் சீட்டில் வலக்கண்ணைக் குறிக்கும். இன்சுலின் அளவை ‘10’ என்றெழுதி, அலகு என்பதற்கு ‘யூ’ என்னும் ஆங்கில எழுத்தை ஒட்டி வரைந்தால், அது சுழியமாகத் தோன்றி 100 என்று படிக்கப்படலாம். பத்து அலகு நூறானால் உயிரே போகக்கூடும். இக்காரணத்தாலேயே, அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம், 2004 ஆம் ஆண்டில் அவ்வெழுத்தையும் அதுபோன்ற வேறு சில சுருக்கங்களையும் பயன்படுத்தலாகாது எனப் பட்டியலிட்டது.

நோய்க்குறிப்பு இத்துணை மறைபொருளாக இருந்துதான் தீர வேண்டுமா? பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மருத்துவ மேதை அர்-ராஸி, ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளில் பணியாற்றியவர். நோயாளி கூறியதையும் தாம் கண்டதையும் விரிவாகக் குறித்து வைத்தார். அவர் மறைந்தபின் அக்குறிப்புகளெல்லாம் தொகுக்கப்பட்டு ‘அல்-ஹாவி’ என்னும் பெருநூலாயின.

தமிழிலும் அதற்கு வழியுண்டு என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1847 இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 60க்கும் மேற்பட்டோரை மருத்துவராக்கினார். 1860களில் தமிழிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார். உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்றும், உடலின் இயக்கம் பற்றிய கல்விக்குச் ‘சுகரணம்’ என்றும், அறுவை மருத்துவத்திற்கு ‘இரண வைத்தியம்’ என்றும் பெயர் வழங்கி, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அச்சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. ஆனால் நோயையும் மருந்தையும் நம் மொழியில் விளக்க இயலாது என்று எவரும் கூற இயலாதபடி அவர் செய்து காட்டிவிட்டார்.

நம் பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கும் சேலத்திற்கும் பெங்களூருக்கும் மருத்துவம் நாடிச் செல்வோர் பலர். ஊர் மாறும்தோறும் மருத்துவர் மாறுகின்றார். உடன் செல்வது காகிதம் ஒன்றே. அதை மளிகைச் சீட்டோடு மடித்து வைக்கலாமா? நாள்வாரியாக ஒரே உறையிற் சேர்த்து வையுங்கள். மருத்துவரின் அறையை விட்டு வெளியேறுமுன், ‘இது என்ன மருந்து? எவ்வளவு? எத்தனை வேளை? எத்தனை நாள்?’ என்று பணிவோடு கேட்டு, சீட்டின் பின்புறம் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதேனும் இருந்தால் அதையும் முதலில் கூறிவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

சட்டமும் நமக்குத் துணை நிற்கின்றது. 2002 ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்ற ஒழுக்க விதிகளின்படி, நோயாளி தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும், இயன்றவரை பெரிய எழுத்துக்களிலும் எழுத வேண்டும் என்று 2016 இல் அவ்விதிகள் திருத்தப்பட்டன.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப்பற்றி எழுதப்படும் ஒரு வரியையேனும் பொருளறிந்து படிப்பது அவ்வமானிதத்தைப் பேணுவதில் அடங்கும். இன்றே வீட்டிலுள்ள பெரியவர்களின் சீட்டை எடுத்து, ஓதத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு ஒருமுறை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை கேளுங்கள்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நிறைந்த ஆரோக்கியத்தை நல்குவானாக!