திருவெண்ணெய்நல்லூரில் தேடிய மூன்றாவது ஓலை

புத்தூரில் சடங்கவி சிவாசாரியார் இல்லத்துத் திருமணப் பந்தலில் முதிய அந்தணராய் வந்து வழக்குரைத்த பெருமானின் கதையை அறியாத சைவ இல்லம் இராது. 'உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமையோலை இது' என்று முதியவர் காட்ட, நம்பியாரூரர் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறாக இருக்கிறது என்று முதியவர் சொன்னதும், வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனதும் அனைவரும் கேட்டவை. அதற்குப் பின் சேக்கிழார் பெருமான் கூறும் ஒரு சிறு செய்தியைக் கதை கேட்போர் பலரும் விரைந்து கடந்துவிடுவது உண்டு.

மூல ஓலையைப் பார்த்த அளவிலே சபையோர் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. அந்த எழுத்து ஆரூரரின் பாட்டனாருடையதுதானா என்பதை உறுதி செய்ய, அவர் கைப்பட எழுதிய வேறோர் ஆவணத்தைத் தேடினர். காவலுடைய இடத்தில் வைத்திருந்த அத்தகைய ஓலை ஒன்றை வரவழைத்தனர். இரண்டையும் ஒப்பு நோக்கினர். எழுத்து ஒத்திருந்தது. அதன் பிறகே வழக்கு முடிந்தது.

ஆக, அன்று அந்த வழக்கில் மூன்று ஓலைகள் இடம்பெற்றன. ஒன்று கிழிந்தது, ஒன்று இறைவன் மடியிலிருந்து வந்தது. மூன்றாவது ஓலை எதைப் பற்றியது, யாருக்கு எழுதியது என்று புராணம் சொல்லவில்லை. ஏதேனும் நிலத்தைப் பற்றியோ கொடுக்கல் வாங்கலைப் பற்றியோ இருந்திருக்கலாம். எழுதியவர் மறைந்து, மகன் தலைமுறையும் கடந்து, பேரனுக்கு மணம் நடக்கும் காலம்வரை அதை யாரோ ஒருவர் பழுதின்றிக் காத்து வைத்திருந்தார். அவருடைய பெயரும் புராணத்தில் இல்லை.

ஏடு காக்கும் அந்தப் பணியைப் பின்னாளில் தம் வாழ்நாள் முழுவதும் செய்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர். 1855-இல் தோன்றி, திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்று, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தவர். அவ்வாண்டிலேயே அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவியதும், அதுவே அவரைப் பழைய ஏடுகளின்பால் திருப்பியதும் தமிழுலகம் அறிந்தவை. சிந்தாமணி சமண காவியம். அதன் ஏடு சைவ மடமாகிய திருவாவடுதுறையிலும் இருந்தது. பிற சமயத்து நூலாயினும் ஏடு ஏடுதான் என்று அதைப் பேணிய மடத்தின் பெருந்தன்மை எண்ணத் தக்கது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது.

ஏடு தேடி ஐயர் ஊர் ஊராய்ச் சென்றபோது கண்டவை எல்லாம் மகிழ்ச்சி தருவன அல்ல. தென்பாண்டி நாட்டில் கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர் கோயிலுக்குப் போனதைத் தம் சரித்திரத்தில் அவர் பதிவு செய்திருக்கிறார். அவ்வூரிலிருந்து ஆண்ட பாண்டிய மரபினர் ஒருவர் மகப்பேறின்றி மறைய, அவருடைய உடைமைகள் கோயிலைச் சேர்ந்தன. அவர் சேர்த்து வைத்திருந்த ஏட்டுச் சுவடிகளும் அவ்வாறே சுவாமிக்கு உரியவை ஆயின. அந்த ஏடுகளைக் காணும் ஆவலோடு போனவரிடம் கோயிலைச் சேர்ந்த ஒருவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். சிதைந்து கிடந்த ஏடுகளை வேறு எவ்வகையிலும் கழிக்கக் கூடாது. நெய்யில் தோய்த்து அக்கினியில் ஆகுதியாக இடவேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம். அப்படியே செய்துவிட்டார்களாம்.

சொன்னவரிடம் கள்ளமோ அலட்சியமோ இல்லை. சாத்திரப்படி ஒரு கடமையை முடித்த நிறைவே இருந்தது. ஐயர் துடித்துப்போனதற்குக் காரணமும் அதுவே. ஏட்டைக் குப்பையில் எறிபவனைக் கண்டித்துத் தடுக்கலாம். பக்தியோடு நெய்யில் தோய்ப்பவரிடம் என்ன சொல்வது? ஆடிப் பதினெட்டில் புதுவெள்ளம் வரும்போது வீட்டிலுள்ள பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. அதுவும் கலைமகளுக்குக் குறைவு வராமல் வழியனுப்பும் மரியாதை என்றே கருதப்பட்டது. தீயிலும் நீரிலும் போனவற்றுள் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதை இனி ஒருவராலும் கணக்கிட முடியாது.

ஓலையின் இயல்பையும் இங்கே நினைக்க வேண்டும். பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியும்படி விளக்குக் கரியோ கோவையிலைச் சாறோ தடவுவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க வசம்பு வைப்பார்கள். இவ்வளவு செய்தும் ஏடு ஒருநாள் முறிந்து ஒடியும். அது ஒடிவதற்கு முன்பே புதிய ஓலையில் பெயர்த்து எழுதிக்கொள்வதுதான் முன்னோர் கண்ட வழி. படியெடுத்த பின் பழையதை ஆகுதியாக இட்டால் இழப்பு இல்லை. படியெடுக்கும் வழக்கம் எங்கோ ஒரு தலைமுறையில் நின்றுவிட, ஆகுதி மட்டும் தொடர்ந்தது என்று கொள்வதே பொருந்தும்.

சிதைந்த ஏடு என்று ஒதுக்கியவற்றில் என்ன கிடைக்கும் என்பதற்கு வேறொரு நிகழ்ச்சி உண்டு. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மலர்களை வரிசையாகச் சொல்லும் பகுதியில் சில பெயர்கள் ஐயருக்குக் கிடைத்த பிரதிகளில் விடுபட்டிருந்தன. பொருள் நோக்கி ஊகித்து நிரப்பக்கூடிய இடம் அன்று அது. மலரின் பெயரை யார் ஊகிக்க முடியும்? அந்தப் பெயர்கள் கடைசியில் தருமபுர ஆதீனத்து ஏட்டில் கிடைத்தன. முழுச் சுவடிகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகு உதிரி ஏடுகளின் கட்டிலிருந்து அவை வெளிப்பட்டன. பின்னாளில் இந்த அனுபவத்தை எழுதிய ஐயர் அக்கட்டுரைக்கு 'உதிர்ந்த மலர்கள்' என்றே பெயரிட்டார்.

இத்தனை ஏடுகளைக் காத்தவருக்கும் ஒரு தீராத குறை இருந்தது. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியின் ஏட்டை இளமையில் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் அவர் கண்டிருக்கிறார். அப்போது பழைய காவியங்களில் அவருக்கு நாட்டம் பிறக்கவில்லை. புராணங்களும் பிரபந்தங்களுமே அன்றைய படிப்பு. நாட்டம் பிறந்து தேடியபோது அந்த ஏடு அங்கே இல்லை. இன்று அந்தக் காவியத்தில் எஞ்சியிருப்பவை, உரையாசிரியர்களும் தொகுத்தோரும் எடுத்தாண்ட சுமார் 70 செய்யுட்கள் மட்டுமே. இதை அவர் மறைக்காமல் எழுதி வைத்தது அவருடைய நேர்மை.

ஏடுகளைப் போலவே அவர் காத்த மற்றொரு செல்வத்தைப் பலர் அறியார். தமக்கு வந்த கடிதங்களையும் அவர் எறியவில்லை. அந்நாளைய வீடுகளில் கடிதங்களுக்கு நேர்ந்த கதியை முதியோர் அறிவர். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வந்த திருமணக் கடிதம் சில நாள் சுவாமி மாடத்தில் இருக்கும். துக்கச் செய்தி கொண்டுவந்த கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துவிடுவார்கள். வீட்டில் வைக்கக் கூடாது. 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்' என்று வருபவை உத்தரத்தில் தொங்கும் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தப்பட்டு, கம்பி நிறைந்ததும் அடுப்புக்கோ வெந்நீர்த் தவலைக்கோ போய்ச் சேரும். ஐயருக்கு வந்த கடிதங்களோ 3,000-க்கு மேல் இன்றும் இருக்கின்றன.

ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிவபதம் அடைந்தது 1876-இல். இன்று அச்சில் காணக்கூடிய கடிதங்கள் அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. எழுதியவர்களுள் மடத்தைச் சேர்ந்தோர் உண்டு. கல்லூரி ஆசிரியர்களும் உத்தியோகஸ்தர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சென்னையில் பதிப்புப் பணி செய்த சி.வை. தாமோதரம் பிள்ளை உண்டு. திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் வெளியிட்ட ஜி.யு. போப் ஆக்ஸ்போர்டிலிருந்து எழுதினார். பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஜூலியன் வின்சோன் தமிழிலேயே எழுதினார். கடல் கடந்த ஓர் ஊரில் ஒருவர் சிந்தாமணியைப் படித்துவிட்டுத் தமிழில் கடிதம் எழுதுகிறார் என்பதைக் கண்டபோது, கும்பகோணத்தில் இருந்த அந்த ஆசிரியருக்கு எப்படி இருந்திருக்கும்!

பெரியோர் கடிதங்களை வைத்துக்கொள்வது இயல்பே என்று சொல்லலாம். ஐயர் அவற்றை மட்டும் வைத்திருக்கவில்லை. இன்ன ஊரில் இன்னார் வீட்டில் ஏடு இருப்பதாகக் கேள்வி என்று யாரோ எழுதிய சில வரிகளும், அச்சிடப்போகும் நூலுக்குக் கையொப்பம் இடுவதாகச் சொல்லும் குறிப்பும் அவரிடம் தங்கின. ஒரு பழைய நூல் எந்த வீட்டிலிருந்து யார் கைவழியே எந்த ஆண்டில் வந்து அச்சேறியது என்ற வரலாற்றை இன்று ஒருவர் அறிய விரும்பினால் இத்தகைய சிறு கடிதங்களே சான்று. தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகமாக ஐயர் வெளியிட்டபோது, பழைய கடிதங்கள் எவ்வளவு பயன்படும் என்பதை அவரே கண்டார். அந்நூலில் கடிதங்கள் பல இடங்களில் அப்படியே இடம்பெற்றுள்ளன.

1942-ஆம் ஆண்டு வந்தது. யுத்த பயத்தால் சென்னைவாசிகள் ஊரைவிட்டு வெளியேறிய காலம். திருவல்லிக்கேணியில் 'தியாகராஜ விலாசம்' என்ற தம் இல்லத்தில் வாழ்ந்த ஐயருக்கு அப்போது 87 வயது. குண்டு விழுந்தால் தமக்கு என்ன ஆகும் என்பதைவிட ஏடுகளுக்கு என்ன ஆகும் என்பதே அவருடைய கவலையாக இருந்திருக்க வேண்டும். சுவடிகளோடு திருக்கழுக்குன்றம் போய், திருவாவடுதுறை ஆதீனத்துக்குரிய இடத்தில் தங்கினார். அந்த மலையடிவாரத்திலேயே, ஏப்ரல் 28-ஆம் நாள், வேதகிரீசுவரர் சந்நிதி இருக்கும் ஊரில் அவருடைய வாழ்வு நிறைவெய்தியது. ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவந்த அவருடைய சரித்திரம் 122-ஆம் அத்தியாயத்தோடு நின்றது.

அவர் சேர்த்தவை சிதறாமல் காத்ததில் ருக்மிணி தேவி அருண்டேலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1943-இல் ஐயர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. இன்று சென்னை பெசன்ட் நகரில் உள்ள அந்நிலையத்தில் சுவடிகளோடு கடிதங்களும் இருக்கின்றன. 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்களைப் பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பிக்க, 'உ.வே.சா. கடிதக் கருவூலம்' முதல் தொகுதியாக 2018-இல் அந்நிலையமே வெளியிட்டது.

பரணில் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. பாட்டனார் காலத்துச் சுவடி, கிரயப் பத்திரம், கோயில் கட்டளைக் கணக்கு, நூலில் கட்டிய கடிதக் கட்டு என்று அதில் ஏதாவது இருக்கும். படிக்கத் தெரியவில்லை என்பதால் அது பயனற்றது ஆகிவிடாது. ஏட்டுக் கட்டை வலிந்து பிரித்தால் ஓலை முறியும். ஈரத்துணியால் துடைத்தால் கெடும். வெயிலில் காயவைப்பதும் தீங்கு. தூசி படாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அறிந்தவரிடம் காட்டுவதே முறை. பெசன்ட் நகர் நூல்நிலையம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை ஆகிய இடங்களில் ஏட்டைப் படித்துச் சொல்ல வல்லோர் இருக்கின்றனர். ஏட்டைக் கொடுக்க மனமில்லாதவர் படமெடுத்துக்கொள்ளவாவது இசையலாம்.

கடிதக் கருவூலத்தில் உள்ளவை ஐயருக்குப் பிறர் எழுதியவை. அவர் எழுதிய விடைகள் அந்தந்தக் காலத்தில் தபாலில் ஏறி, யாழ்ப்பாணத்துக்கும் பாரிசுக்கும், காவிரிக்கரை அக்கிரகாரங்களுக்கும், பொருநைக்கரைக் கவிராயர் வீடுகளுக்கும் சென்றன. அவற்றுள் சில இன்னும் ஏதோ ஒரு வீட்டுப் பெட்டியில், அடியில் கையெழுத்து இன்னாருடையது என்று அறியப்படாமலே இருக்கக் கூடும்.