விடுதிப் பூட்டைத் திற!

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் வழியில் நூற்பாலைகளின் மதிற்சுவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அச்சுவர்களுக்குள்ளே விடுதிகள், விடுதிகளில் தாய் தகப்பனைப் பிரிந்து வந்த இளம் பெண்கள். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து தரகர்கள் கூட்டி வந்தவர்கள் பலர். இப்போது ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு ஊரும் புதிது, பாஷையும் புதிது.

சுமங்கலித் திட்டத்தை நம் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அறியும். மூன்று வருஷம் உழைத்தால் கல்யாணச் செலவுக்கு 30,000 ரூபாயோ 50,000 ரூபாயோ மொத்தமாகக் கிடைக்கும் என்றார்கள். அது யார் பணம்? மாதாமாதம் பிடித்து வைத்த அவள் கூலிதானே! நடுவில் வெளியேறினால் அதுவும் போச்சு. கூலியே விலங்காயிற்று. திட்டத்தின் பெயர் கெட்டதும் பெயரைக் கைவிட்டார்கள். முறையைப் பல இடங்களில் கைவிடவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதில்லை; சோறு இறங்குவதில்லை. "வீட்டு ஞாபகம், போகப்போகச் சரியாகிவிடும்" என்கிறது நிர்வாகம். ராத்திரி ஷிப்டு, பஞ்சுத் தூசி, மேஸ்திரியின் ஏச்சு, வார்டன் எதிரில் நின்று பேச வேண்டிய போன்: இத்தனைக்கும் நடுவில் எந்த மனம் தாங்கும்? கோளாறு பிள்ளையின் மனதில் இல்லை, பூட்டில் இருக்கிறது.

மனநல ஆலோசனைக்கு 14416, சிறுவர் பாதுகாப்புக்கு 1098 என்ற இலவச எண்கள் உண்டு. நல்லதுதான். ஆனால் கையில் போன் இல்லாதவள் எப்படிக் கூப்பிடுவாள்?

2021 ஜனவரியில் இம்மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலையில் உழைத்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். வேலையிடத்தில் அவர் பல மாதம் தொல்லை அனுபவித்ததாக உடன் உழைத்தவர்கள் சொன்னார்கள். வீடு அருகிலிருந்தவருக்கே இந்தக் கதி என்றால், விடுதிப் பிள்ளைக்கு யார் துணை?

சங்கம்தான் துணை. அக்கொலைக்குப் பின் பெண் தொழிலாளர்கள் சங்கமாய் நின்று போராடி, 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கண்டார்கள். தொல்லைகளைக் கவனித்துச் சொல்லத் தொழிலாளிகளே நியமிக்கப்பட்டார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் முடிவாயிற்று.

எனவே நாம் கோருவது இவை: கூலி முழுவதும் மாதாமாதம் அவள் கையில், கேட்ட நேரம் தனியாகப் பேசப் போன், பெற்றோர் வந்து பார்க்கவும், பிள்ளை ஊர் போய் வரவும் உரிமை, 2014-ம் வருஷச் சட்டப்படி விடுதிகளில் அரசு சோதனை, அவரவர் பாஷையில் ஆலோசகர், விடுதிக்குள் சங்கம் நுழைய அனுமதி.

ஆலைத் தோழர்களே! உங்கள் பக்கத்து மிஷினில் நிற்கும் பிள்ளையிடம் இன்றே பேசுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அங்கிருந்துதான் சங்கம் தொடங்குகிறது.